காரீயமா, காட்மியமா என்று சொல்லுமா? ஐந்து ஒளிர் சாயங்களுக்கு ஒரு மதிப்புரை

தன் மாமியார் வழியாக வந்த ஈயச் சொம்பை என் மேசைமேல் வைத்துவிட்டு, "ரசம் வைக்கிறது இதுலதான். காரீயம் கலந்திருக்குமோன்னு பயமா இருக்கு. நீதான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி பாக்கிறியே, கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்று சித்தி கேட்டுக்கொண்டது சென்ற ஆண்டு ஆடி மாதத்தில். நம் வீடுகளில் ஈயச் சொம்பு என்று வழங்குவது உண்மையில் வெள்ளீயத்தால் ஆனது. நச்சுள்ள காரீயம் வேறு உலோகம். பேச்சு வழக்கில் இரண்டும் 'ஈயம்' ஆகிவிடுவதால் வாங்குபவர் குழம்புகிறார், அந்தக் குழப்பத்தில் கலப்படம் செய்பவருக்கு வசதியாகிறது. மாணவர்களின் செயல்திட்டங்களுக்காகக் கன உலோக அயனிகளைக் காட்டும் ஒளிர் சாயங்களை வாங்க வேண்டும் என்று துறையில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. சொம்பு வந்ததும் அந்தப் பேச்சு உத்தரவுச் சீட்டாக மாறியது. ஏறத்தாழ எட்டு மாதங்கள் கையாண்ட பிறகு, அந்தச் சாயங்களைப் பற்றி, வாங்க நினைக்கும் பிற ஆய்வகத்தாருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

மதிப்பிடும் அளவுகோலை முதலில் சொல்லிவிட வேண்டும். விற்பனைப் பட்டியல்கள் எல்லாம் உணர்திறனைப் பற்றியே பேசுகின்றன: இத்தனை நானோமோலார் (லிட்டருக்கு ஒரு மோலில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவிலும் ஒளிரும், இத்தனை மடங்கு ஒளி கூடும் என்று. ஆனால் நீரைச் சோதிப்பவருக்கு வேண்டியது பிரித்தறியும் திறன். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, தன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், காரீயத்துக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001 என்று வரம்பு வைத்திருக்கிறது. இவற்றை மோல் கணக்கில் மாற்றினால் காரீயம் ஏறத்தாழ 48 நானோமோலார், காட்மியம் 27, பாதரசம் வெறும் 5. அதே தரம் துத்தநாகத்தை லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை, அதாவது 76 மைக்ரோமோலார் (நானோவைப்போல் ஆயிரம் மடங்கு) வரை, தடையின்றி ஏற்றுக்கொள்கிறது. கால்சியத்தை 75 மில்லிகிராம் வரை ஏற்கிறது. ஆகவே காட்மியம் தன் வரம்பைத் தொடும் அதே குவளையில் அதைப்போல் 2,800 மடங்கு துத்தநாகமும், காரீயத்தைப்போல் 38,000 மடங்கு கால்சியமும் அந்தத் தரத்தின்படியே இருக்கலாம். அந்தக் கூட்டத்துக்குள் ஒருவரை மட்டும் அடையாளம் காட்ட முடியுமா என்பதுதான் சாயத்திடம் நாம் கேட்கும் கேள்வி.

இந்தச் சாயங்கள் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்வதானால், ஒவ்வொரு மூலக்கூறிலும் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு கையும் ஒளிவிடும் ஒரு விளக்கும் இருக்கின்றன. கை வெறுமையாக இருக்கும்போது அதிலுள்ள நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இணை, ஒளி பட்டுக் கிளர்ந்த விளக்குக்குள் பாய்ந்து அதை அணைத்துவிடுகிறது. உலோக அயனி வந்து அந்த எலக்ட்ரான்களைத் தனக்கென்று பிடித்துக்கொண்டால் பாய்ச்சல் நின்று விளக்கு எரிகிறது. இலங்கையில் பிறந்து பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஏ. பி. டி சில்வா இந்த ஏற்பாட்டைக் கொண்டே, இரண்டு அயனிகள் ஒருங்கே இருந்தால் மட்டும் ஒளிரும் மூலக்கூறு ஒன்றை 1993இல் செய்து காட்டினார். எல்லா உலோகங்களும் இந்த விளக்கை ஏற்றிவைப்பதில்லை. எலக்ட்ரான் கூடு நிரம்பிய துத்தநாகமும் காட்மியமும் பெரும்பாலும் ஒளியைக் கூட்டுகின்றன. இணையில்லாத எலக்ட்ரான் ஒன்றைச் சுமக்கும் தாமிரம் பெரும்பாலும் அணைக்கிறது. பாதரசமும் கூடு நிரம்பியதுதான் என்றாலும், அதன் கனத்த அணு கிளர்ந்த ஆற்றலை வேறு வழியில் வடித்துவிடுவதால் அதுவும் அணைக்கும் பக்கமே சாய்கிறது.

ஒளி கூடுவதும் ஒளி குறைவதும் சான்று என்ற அளவில் சமம் இல்லை என்பதை இந்த எட்டு மாதங்களும் எனக்குத் தினந்தோறும் நினைவூட்டின. இருட்டறையில் ஒரு குப்பி புதிதாக ஒளிர்ந்தால் அதற்குக் காரணம் தேடுவது எளிது. எரிந்துகொண்டிருந்த குப்பி மங்கினால், உலோகம் வந்திருக்கலாம், சாயம் ஒளிபட்டு வெளுத்திருக்கலாம், அமிலம் கூடியிருக்கலாம், பிப்பெட் பிடித்தவர் அளவு தவறியிருக்கலாம்.

ஃபென் கிரீன் எஸ்கே என்ற சாயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஃபுளோரசீன் விளக்கோடு ஃபெனாந்த்ரோலின் என்ற கையைச் சேர்த்துச் செய்தது இது. 507 நானோமீட்டரில் ஒளியூட்டினால் 532 நானோமீட்டரில் பளிச்சென்று பச்சையாக ஒளிர்கிறது, உலோகம் சேர்ந்தால் மங்குகிறது. தாமிரம், இரும்பு, பாதரசம், காரீயம், காட்மியம், துத்தநாகம், நிக்கல் என்று எதைச் சேர்த்தாலும் மங்குவதுதான் இதன் சிறப்பும் குறையும். உயிரணுவுக்குள் நுழையும் டைஅசிடேட் வடிவம், நீரில் நேரடியாகக் கரையும் டைபொட்டாசியம் உப்பு என இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. நீர்ச் சோதனைக்கு வேண்டியது இரண்டாவது. இதை வாயிற்காவலராக வைத்துக்கொள்ளலாம்: யாரோ வந்திருக்கிறார் என்று குரைக்கும், யார் என்று சொல்லாது. நூறு மாதிரிகளில் எவற்றை மேலும் சோதிப்பது என்று முதல் சல்லடை போட நினைப்பவருக்கு இது போதும். பிரித்தறிய நினைப்பவர் இதை மட்டும் வாங்கினால் பணம் வீண்.

அடுத்தது லெட்மியம் கிரீன். ஆங்கிலத்தில் காரீயத்துக்கும் காட்மியத்துக்கும் உள்ள பெயர்களை ஒட்டவைத்து இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்த வகையில் பெயரிலேயே உண்மையை ஒப்புக்கொண்ட சாயம் இது ஒன்றுதான். 490 நானோமீட்டரில் ஒளியூட்டி 520இல் அளக்க வேண்டும். இரண்டு உலோகங்களுக்கும் ஒரே பச்சை நிறத்தில், ஒரே இடத்தில் ஒளி கூடுகிறது. ஒளி கூடும் சாயம் என்பதால் இருண்ட பின்னணியில் மிகச் சிறிய மாற்றமும் கண்ணில் படுகிறது. ஃபென் கிரீனோடு ஒரு வாரம் மல்லாடிய பிறகு இதைக் குவெட் என்ற அளவுக் குப்பியில் பார்த்தபோது கண்ணுக்கு இதமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் காரீயமா காட்மியமா என்று கேட்டால் இரண்டில் ஒன்று என்றுதான் பதில் வரும்.

இந்தச் சாயத்தில் நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன், வேறொருவர் செய்யாமல் இருக்கட்டும். பட்டியலில் பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்று இரண்டு எழுத்துகள் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. ஏஎம் என்பது அசிடாக்சிமெத்தில் எஸ்டர். ரோஜர் சியென் 1981இல் வகுத்த உத்தி இது: சாயத்தின் கைகளை எஸ்டர் உறையால் மூடிவிட்டால் அது உயிரணுச் சவ்வைக் கடந்து உள்ளே போகும், உள்ளேயுள்ள நொதிகள் உறையைக் கழற்றிய பிறகே உலோகத்தைப் பிடிக்கும். உயிரணு ஆராய்பவருக்கு இது பெரும் வரம். கிணற்று நீரில் நொதி ஏது? மூன்று நாட்கள் எதைச் சேர்த்தாலும் ஒளிராத குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகே எனக்கு உறைத்தது. கைவசம் இருந்ததை வீணாக்க மனமில்லாமல், நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு வைத்து எஸ்டரை நீராற்பகுத்து, மறுநாள் நடுநிலையாக்கிப் பயன்படுத்தினேன். வேலை நடந்தது, ஆனால் மைக்ரோகிராம் கணக்கில் விற்கும் பொருளில் அரைக் குப்பி கற்றுக்கொள்ளவே செலவாகிவிட்டது.

ஃபுளோசின்-3 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2002இல் அறிமுகமான, துத்தநாகத்துக்கான மிக நல்ல சாயம். அதன் பிரிகை மாறிலி, அதாவது சாயத்தில் பாதி உலோகத்தால் நிரம்பும் செறிவு, 15 நானோமோலார் அளவில் இருக்கிறது. அதுவே குடிநீரில் அதற்கு எமனாகிறது. குழாயிலும் கிணற்றிலும் வரும் நீரில் துத்தநாகம் மைக்ரோமோலார் அளவில் இருந்தால் சாயம் முதல் துளியிலேயே நிரம்பிவிடுகிறது. அதன் பிறகு எதைச் சேர்த்தாலும் ஒரே ஒளிதான். மாதிரியைப் பல நூறு மடங்கு நீர்க்கச் செய்தால் அளக்கலாம், ஆனால் அப்போது நாம் தேடும் காட்மியமும் அதே அளவு நீர்த்துப்போயிருக்கும். நரம்பணுக்களில் வெளியாகும் துத்தநாகத்தைத் தேடுவோருக்கு விட்டுவிடலாம்.

என் மதிப்பில் முதலிடம் பெறுவது எந்த ஆடம்பரமும் இல்லாத 8-ஹைட்ராக்சிகுயினோலின்-5-சல்ஃபோனிக் அமிலம். பெயர் நீளம் என்பதால் எங்கள் ஆய்வகத்தில் 'குயினோலின் சாயம்' என்றே அழைக்கிறோம்; மற்றவை மைக்ரோகிராமில் வரும்போது இது கிராம் கணக்கில், சாதாரண வேதிப்பொருள் புட்டியில் வருகிறது. மஞ்சள் தூள், தானாக ஒளிர்வது மிகக் குறைவு. துத்தநாகம், காட்மியம், மக்னீசியம், அலுமினியம் ஆகியவற்றோடு அணைவுச் சேர்மம் அமைத்தால் புற ஊதாவை ஒட்டிய ஒளியில் பச்சையும் மஞ்சளும் கலந்து ஒளிர்கிறது. இரும்பும் தாமிரமும் இதைப் பிடித்துக்கொண்டாலும் ஒளிரவிடுவதில்லை. காரீயத்தோடு சேர்ந்தபோது எங்கள் கருவியில் ஏறத்தாழ இருட்டாகவே இருந்தது. இந்தக் கடைசிச் செய்திதான் எனக்குப் பொன்னாகக் கிடைத்தது. லெட்மியம் கிரீன் ஒளிர்ந்து குயினோலின் சாயமும் ஒளிர்ந்தால் காட்மியத்தைச் சந்தேகிக்கலாம். முன்னது ஒளிர்ந்து பின்னது இருண்டிருந்தால் காரீயத்தைச் சந்தேகிக்கலாம். தனித்தனியே பதில் சொல்லத் தெரியாத இரண்டு சாயங்கள் சேர்ந்து பதில் சொல்லத் தொடங்கின.

இதற்கும் குறை உண்டு. கலங்கிய நீரைத் தெளியவைக்கப் படிகாரம் போட்டிருந்தால் எஞ்சிய அலுமினியம் இந்தச் சாயத்தை ஒளிரவைக்கும். நகராட்சி நீரில் முதல்முறை பார்த்தபோது அறை முழுவதும் காட்மியம் என்று பதறிப் போனேன். காரத்தன்மையைக் கூட்டி மறுபடி அளந்தபோது அந்த ஒளி கணிசமாக அடங்கியது. அலுமினியத்தின் ஒளி சற்று அமிலத்தன்மையுள்ள நீரிலும், துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றின் ஒளி காரத்தன்மையிலும் ஓங்குகின்றன என்பதால் ஒரே மாதிரியை இரண்டு பிஎச் அளவுகளில் அளந்தால் பிடிபடும். நல்ல விலைக்கு விற்கும் புதுச் சாயங்களில் இப்படி இரண்டு கேள்விகளை ஒரே புட்டியிலிருந்து கேட்க வழியில்லை.

ஐந்தாவதாக நான் வைப்பது கடையில் வாங்கியதன்று, ஆய்வகத்திலேயே செய்துகொண்ட ரோடமின் வகை. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தபோது செய்திகளில் அடிபட்ட அதே ரோடமின் பி சாயத்தோடு ஹைட்ரசின் ஹைட்ரேட்டைச் சேர்த்து எத்தனாலில் மீள்கொதிக்க வைத்தால், கொதிக்கும் குடுவையில் கண்முன்னே அந்தக் கொடும் இளஞ்சிவப்பு கரைந்து வெளிறிப் போகிறது. மூலக்கூறு வளையமாக மூடிக்கொண்டதன் அடையாளம் அது. மூடிய வளையத்துக்கு நிறமும் இல்லை, ஒளியும் இல்லை. தாமிர அயனி வந்தால் வளையம் திறந்து இளஞ்சிவப்பு திரும்புகிறது. அந்தோணி சார்னிக்கின் குழு 1997இல் வெளியிட்ட வழி இது. இதே அமைப்பில் கந்தகம் ஒன்றைப் பொருத்தினால் தாமிரத்துக்குப் பதில் பாதரசத்தைத் தேடும். 2005இல் கொரிய ஆய்வாளர்கள் காட்டியது போல, ரோடமின் 6ஜி ஹைட்ரசைடோடு பீனைல் ஐசோதயோசயனேட்டைச் சேர்த்து அதையும் செய்துகொண்டோம். ஹைட்ரசின் நச்சுப் பொருள். புகைபோக்கி இல்லாத அறையில் மாணவர்களைக் கொண்டு இதைச் செய்விக்கக் கூடாது.

பாதரசம் ஏன் கந்தகத்தைத் தேடுகிறது என்பதற்கு ரால்ஃப் பியர்சன் 1963இல் வகுத்த பாகுபாடு விடை தருகிறது: மென்மையான அயனிகள் மென்மையான அணுக்களோடு சேரும், கடினமானவை கடினமானவற்றோடு. பாதரசம் மிக மென்மையானது, கால்சியம் கடினமானது. பாதரசம் இந்தச் சாயத்தில் கந்தகத்தைப் பிடித்துக்கொள்வதோடு நிற்பதில்லை, அதை மூலக்கூறிலிருந்தே பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சிய மூலக்கூறு புதிய வளையமாகி ஒளிர்கிறது. ஒருமுறை நடந்தால் திரும்பாத மாற்றம். மற்ற சாயங்களில் உலோகம் வந்து போகலாம். இதில் வந்ததன் தழும்பு நிற்கும். நான் கையாண்ட ஐந்தில், ஒரே ஓர் உலோகத்தைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு நெருங்கியது இந்தப் பாதரசச் சாயம் மட்டுமே. கருவியில்லாமல் வெறுங்கண்ணுக்கே இளஞ்சிவப்புத் தெரிவது கூடுதல் வசதி. இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அமிலம் கூடினாலும் வளையம் திறந்துகொள்ளும். உப்பு நீரில் குளோரைடு பாதரசத்தைத் தானே அணைத்துக்கொள்வதால் நிறம் மெதுவாகவே எழும்பியது. ஜப்பானின் மினமாட்டாவில் மக்களைக் கொன்றது மெத்தில் பாதரசம். அயனிப் பாதரசத்துக்காகச் செய்த சாயம் அதையும் அதே வேகத்தில் காட்டும் என்று கொள்ளக் கூடாது.

இப்போது இவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தியதைச் சொல்கிறேன். ஃபுளோசின்-3ஐ விலக்கி, ஃபென் கிரீன், லெட்மியம் கிரீன், குயினோலின் சாயம், இரண்டு ரோடமின்கள் என ஐந்து குழிகளில் ஒரே மாதிரியைச் சிறு சிறு அளவாக விட்டு, ஐந்து எண்களை எடுத்துக்கொண்டோம். பொற்கொல்லர் உரைகல்லில் நகையை ஒரு கீற்றாக இழுத்து, மாற்றுத் தெரிந்த ஆணிப்பொன்னின் கீற்றுகளை அதன் பக்கத்தில் இழுத்து ஒப்பிடுவார் அல்லவா, அதே வேலை. முதலில் பெயர் தெரிந்த உலோகங்களின் ஐந்தெண் வடிவங்களைத் திரட்டிவைக்க வேண்டும். பிறகு பெயர் தெரியாத மாதிரியின் வடிவம் எந்தக் கூட்டத்துக்கு அருகே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பூக்களின் அளவுகளை வைத்து இனம் பிரிக்க ரொனால்ட் ஃபிஷர் 1936இல் தந்த கணக்குமுறையே இங்கும் கைகொடுக்கிறது. ஒரு சாதாரண மடிக்கணினி போதும். ஹைட்ராக்சிகுயினோலின் வகைச் சாயங்களை இப்படி அணியாக நிறுத்தி அயனிகளைப் பிரித்தறிவதை அமெரிக்காவில் பாவெல் அன்சென்பாகரின் குழு செய்து காட்டியிருக்கிறது. குறிதவறாத ஒரே சாயத்தைத் தேடி அலைவதைக் காட்டிலும், அரைகுறையாக அறிந்த ஐவரின் சாட்சியத்தை ஒப்பிடுவது பயன் தரும் என்பதே அந்த அணுகுமுறை.

சக ஆசிரியர் ஒருவர் பெயர் எழுதாமல் எண் மட்டும் இட்ட குப்பிகள் பன்னிரண்டைத் தயாரித்துக் கொடுத்தார். உலோகம் ஒன்று மட்டும் இருந்த குப்பிகளைச் சரியாகச் சொல்லிவிட்டோம். கலவைகளில்தான் தடுமாற்றம். காட்மியமும் தாமிரமும் சேர்ந்திருந்த குப்பியில் காட்மியம் ஏற்றிய ஒளியைத் தாமிரம் அணைத்துவிட, கணக்கு அதைத் தாமிரம் மட்டும் என்று தீர்ப்புச் சொல்லியது. தெரிந்த கலவைகளின் வடிவங்களையும் முன்பே பழக்கியிருந்தால் தப்பியிருக்கலாம். ஆனால் உலகிலுள்ள எல்லாக் கலவைகளையும் பழக்கி முடியாது.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை சில, பெட்டியோடு வரும் தாளில் இல்லாதவை. உயிர்வேதியியல் பழக்கத்தில் பாஸ்பேட் தாங்கல் கரைசலை (பிஎச் மாறாமல் காப்பது) எடுக்காதீர்கள். காரீயம் அதில் பாஸ்பேட்டாக வீழ்படிந்துவிடும், சாயத்துக்கு எதுவும் மிஞ்சாது. நாங்கள் ஹெப்பிஸ் என்ற வேறொரு தாங்கல் கரைசலைப் பயன்படுத்தினோம். பாதரசத்தை மறைக்க அயோடைடு சேர்க்கலாம் என்று ஏட்டில் படித்தது சரிதான், ஆனால் அயோடைடே ஃபுளோரசீனின் ஒளியைத் தணிக்கும். பாதுகாப்புக்காக நைட்ரிக் அமிலம் சேர்த்துவைத்த மாதிரியை அப்படியே சாயத்தில் விட்டால் ஃபுளோரசீன் வகைகள் எல்லாம் இருண்டுபோகும், உலோகத்துக்கும் அதற்கும் தொடர்பே இராது. நானோமோலார் காரீயம் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் குப்பிகளே மேல். பாதரசக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்துவைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மாலை தொட்டியருகே நின்ற மாணவரைக் கண்ட பிறகு சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

இனி, சொம்பு. ரசத்தையே சோதிக்கலாம் என்று சித்தி சொன்னார். மஞ்சளிலுள்ள குர்குமின் தானே பச்சையாக ஒளிரும், புளியிலுள்ள அமிலம் உலோகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அது ஆகாது. பீங்கான் பாத்திரங்களைச் சோதிக்கும் முறையைப் பின்பற்றி, 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைச் சொம்பில் நிரப்பி அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் வைத்தேன். மறுநாள் அந்த நீரில் பாதியை எடுத்து நடுநிலையாக்கத் தொடங்கியதும் அரிசி கழுவிய நீர்போல் வெளுத்துக் கலங்கியது. கரைந்திருந்த வெள்ளீயம் ஹைட்ராக்சைடாக வெளியே வந்துவிட்டது. வடிகட்டித் தெளிந்த நீரில் லெட்மியம் கிரீனை விட்டேன். ஒளி இல்லை.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் சித்தியிடம் கவலை வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் இருண்ட குப்பியை நம்பக் கூடாது என்று ஃபென் கிரீன் கற்றுக்கொடுத்திருந்தது. மீதிப் பாதி நீரில், தெரிந்த அளவு காரீயத்தை நானே சேர்த்து, அதே முறையில் நடுநிலையாக்கி, வடிகட்டிச் சாயம் விட்டேன். அதிலும் ஒளி வரவில்லை. வெள்ளீய வீழ்படிவு காரீயத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வடிதாளில் தங்கிவிட்டது. சாயம் பார்க்க வேண்டியது சாயத்திடம் வந்து சேரவேயில்லை. மறுபடி புதிதாக ஊறவைத்த அமில நீரை, நடுநிலையாக்காமல், ஐசிபி நிறைமாலைமானி உள்ள வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினேன். அணுவின் நிறையை வைத்தே எண்ணும் அந்தக் கருவிக்கு அமிலம் ஒரு பொருட்டில்லை. காரீயம் இருக்கிறது, ஐயத்துக்கு இடமில்லாத அளவில் இருக்கிறது என்று பதில் வந்தது.

ஆகவே என் பரிந்துரை இப்படி அமைகிறது. கல்லூரி ஆய்வகத்துக்கு ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் குயினோலின் சாயத்தை வாங்குங்கள். ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். செய்துகொள்ளும் வசதியும் புகைபோக்கியும் இருந்தால் பாதரசத்துக்கான ரோடமினுக்கு நான்கு. லெட்மியம் கிரீனுக்கு மூன்றரை, அதுவும் குயினோலின் சாயம் அருகில் இருக்கும்போது மட்டும். தனியாக இருந்தால் இரண்டு. ஃபென் கிரீனுக்கு இரண்டரை. ஃபுளோசின்-3க்கு மதிப்பெண் போடுவது முறையாகாது, நான் அதைத் தவறான வேலைக்கு அழைத்துவந்தேன். பாத்திரம், மண், உணவு என்று சிக்கலான பொருள்களைச் சோதிக்க நினைப்பவர்கள் இவற்றில் எதை வாங்கினாலும், தெரிந்த அளவு உலோகத்தைச் சேர்த்து மீட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்யாமல் ஒரு முடிவையும் எழுத வேண்டாம்.

சித்தி இப்போது ரசத்தை எவர்சில்வரில் வைக்கிறார், மணம் வரவில்லை என்று என்னிடம்தான் குறைப்படுகிறார். சொம்பு ஆய்வகத்திலேயே இருக்கிறது. வரும் பருவத்தில் மாணவர்களுக்கு அதையே மாதிரியாகக் கொடுத்து, வெள்ளீயத்தை வீழ்படியவிடாமல் காரீயத்தைச் சாயத்திடம் கொண்டுசேர்க்க வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.